நகத்தைக் காலண்டர் தாள்ல மடிச்சுக் கொண்டுவந்த ஆச்சி

போன மாசம் ஒரு திங்கக்கிழமை. காரைக்குடியில திங்கக்கிழமைன்னா சந்தை, சந்தைக்கு வர்ற கூட்டத்துல பாதி அப்படியே ஆஸ்பத்திரியையும் ஒரு எட்டு பார்த்துட்டுப் போயிரலாம்னு வரும், அதனால எங்க லேப்ல அன்னிக்கு தண்ணி குடிக்கக்கூட நேரம் இருக்காது. அந்தக் கூட்டத்துல கண்டனூர் பக்கத்துல இருந்து ஒரு ஆச்சி வந்து கவுண்டர்ல கையை ஊனிட்டு நிக்கிறாங்க. சுருக்குப்பையைத் திறந்து, தினசரி காலண்டர் தாளைக் கிழிச்சு மடிச்ச ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டுனாங்க. நான் ஏதோ கோயில் விபூதின்னு நினைச்சு கையை நீட்டிட்டேன்.

"ஏத்தா, இது எங்க செட்டியாரு கால் நகம். டாக்டரு டெஸ்ட் எடுக்கச் சொல்லி ஒரு மாசம் ஆச்சு, அவரு இதுக்கெல்லாம் எவன் வருவான்னுட்டாரு. அதான் தூங்கையில வெட்டிக் கொண்டாந்துட்டேன்."

பக்கத்துல நின்ன பொண்ணுங்க எல்லாம் சிரிச்சுட்டாங்க. நானும் சிரிச்சேன். ஆனா சிரிச்சு முடிச்சு உள்ள போனா, அன்னிக்குக் காலையில ஆபரேஷன் தியேட்டர்ல இருந்து வந்த டப்பா மேஜையில இருக்கு. சைனஸ்ல இருந்து எடுத்த சதை, சீட்டுல ஃபங்கல் கல்ச்சர்னு, அதான் பூஞ்சையை வளர்த்துப் பார்க்கிற டெஸ்ட்டுன்னு, எழுதியிருக்கு, டப்பாவைத் திறந்தா கண்ணு எரியுது. ஃபார்மலின். ஃபார்மலின்ல போட்டா சதை கெடாது, பயாப்ஸிக்கு அதுதான் சரி, ஆனா உள்ள இருக்கிற பூஞ்சை செத்துப்போயிரும், செத்ததை எந்த மீடியாவுல, அதான் கிருமிக்குப் போடுற தீனியில, போட்டு வளர்க்கிறது? கல்ச்சருக்குன்னா ரெண்டு சொட்டு சலைன்ல போட்டு உடனே அனுப்பணும். இதை எத்தனை தடவை சொல்லியாச்சு, போர்டுலகூட எழுதி ஒட்டியாச்சு. படிச்சவங்க நாலு பேரு கை மாறி வந்த டப்பா தப்பா வருது, நகம் தோல் எல்லாம் ஈரம் படாம காஞ்ச பேப்பர்ல மடிச்சுத்தான் கொண்டுவரணும்ங்கிறதை யாரும் சொல்லாமலே ஆச்சி சரியா செஞ்சிருக்காங்க. டப்பாவுல மூடி வச்சா ஈரம் கோத்துக்கிட்டு பாக்டீரியா வளர்ந்து, நமக்கு வேண்டியதை அமுக்கிரும். பேப்பர்னா நகம் பல நாள் அப்படியே கிடக்கும், பூஞ்சையும் சாகாது.

நான் ஒரு லேப் டெக்னீஷியன். 14 வருஷம் ஆச்சு. எங்களது சின்ன ஊரு ஆஸ்பத்திரி லேப், மைக்ரோபயாலஜி, அதான் கிருமி பார்க்கிற பிரிவுன்னா ஒரு தனி ரூம், கிருமி வளர ஒரே சூட்டுல வச்சிருக்கிற பெட்டி, அதான் இன்குபேட்டர், ஒண்ணு, ஒரு நல்ல மைக்ரோஸ்கோப், வாரத்துல ரெண்டு நாள் மதுரையில இருந்து வந்து பார்த்துட்டுப் போற மைக்ரோபயாலஜி மேடம், அவ்வளவுதான். சுகர், கொலஸ்ட்ரால், தைராய்டு எல்லாம் மெஷின் பார்த்துக்கும், சாம்பிளை வச்சுட்டு டீ குடிக்கப் போகலாம். பூஞ்சைக்கு மட்டும் இன்னமும் கண்ணும் பொறுமையும்தான். அதைப் பத்தித்தான் எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டே இருந்தேன், ஆச்சி புண்ணியத்துல இன்னிக்கு உக்காந்துட்டேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிர்றேன். நம்ம ஊர்ல ஊறுகாய்ல வந்தா அது பூசணம், இடுப்புல வந்தா படர்தாமரை, கழுத்துல வந்தா தேமல், வயல்ல நிக்கிறவங்க கால்விரல் இடுக்குல வந்தா சேத்துப்புண், நகத்துல வந்தா சொத்தை. இதெல்லாம் ஒரே ஜாதிப் பங்காளிங்கன்னு யாரும் நினைக்கிறதில்ல. ரிப்போர்ட்டுல பூஞ்சைன்னு பார்த்தாப் போதும், "ஐயோ கருப்புப் பூஞ்சையா, கண்ணை எடுத்துருவாங்களா"ன்னு கவுண்டர்லயே அழுறாங்க. 2021 அந்த மாதிரி பண்ணி வச்சுட்டுப் போயிருச்சு. அதுக்கு வர்றேன்.

ஆச்சி கொண்டுவந்த நகத்துக்கு வருவோம். பேப்பர் சரி, ஆனா வெட்டுன இடம் தப்பு. எல்லாரும் பண்றது இதுதான், நகத்தோட நுனியை வெட்டிக் கொடுப்பாங்க. நுனியில இருக்கிறது பழைய நகம், அங்க பூஞ்சை செத்துக் கிடக்கும். உசுரோட இருக்கிறது நகத்துக்கு அடியில, நல்ல நகமும் சொத்தை நகமும் சேர்ற இடத்துல, மாவு மாதிரி உதிரும் பாருங்க அந்தத் தூளுல. அதைச் சுரண்டி எடுக்கணும். அதுபோக ஆச்சி வெட்டுறதுக்கு முன்னாடி டெட்டால் போட்டுத் துடைச்சிருக்காங்க, செட்டியார் முந்தாநாள் வரைக்கும் ஏதோ களிம்பு போட்டுக்கிட்டு இருந்திருக்காரு. அதனால "ஆச்சி, இது ஆகாது, ரெண்டு வாரம் களிம்பை நிறுத்திட்டு ஐயாவையே கூட்டிட்டு வாங்க"ன்னேன். ஆச்சிக்குக் கோவம். "அப்ப இதை என்ன செய்ய?" பொட்டலத்தை மறுபடி சுருக்குப்பையிலயே போட்டுக்கிட்டுப் போனாங்க, அதை எதுக்கு எடுத்துட்டுப் போனாங்கன்னு இன்னிவரைக்கும் எனக்குப் புரியல.

பாக்டீரியாவும் பூஞ்சையும் லேப்ல ஒரே மேஜையில இருக்கிறதுதான் பாதிப் பிரச்சனை. யூரின் கல்ச்சர் போட்டா மறுநாள் காலையில வளர்ந்து நிக்கும், 48 மணி நேரத்துல வளரலைன்னா ஒண்ணும் இல்லைன்னு எழுதி பிளேட்டைத் தூக்கிப் போட்டுருவோம். கை அதுக்கே பழகிருச்சு. படர்தாமரைக் கிருமி வளர ரெண்டு வாரம், சிலது மூணு வாரம், இல்லைன்னு எழுதணும்னா நாலு வாரம் காத்திருக்கணும். நாலு வாரம் ஒரு டியூப் கெட்டுப்போகாம இன்குபேட்டர்ல இருக்கணும்னா யாராவது அதை ஞாபகம் வச்சிருக்கணும்ல. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல வேற ஒரு இடத்துல எல்லாத்தையும் 3 நாள்ல கழுவிருவாங்க, ரிப்போர்ட்டுல "பூஞ்சை வளர்ச்சி இல்லை"ன்னு சுத்தமா டைப் அடிச்சுக் கொடுத்துருவோம். எத்தனை பேர் அதை நம்பி மருந்தை நிறுத்திருப்பாங்கன்னு இப்ப நினைச்சா வயித்தைப் பிசையுது.

சாம்பிள் வந்த உடனே பார்க்கிறது கேஓஹெச். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, ஒரு சொட்டு விட்டா தோல், நகம் எல்லாம் கரைஞ்சு கண்ணாடி மாதிரி ஆயிரும், பூஞ்சையோட சுவர் மட்டும் கரையாம நூல் நூலா தெரியும். தோலுக்கு 10 சதவீதம், பத்து இருபது நிமிஷம் போதும். நகத்துக்கு 20 சதவீதத்துக்கு மேல, ராத்திரி முழுக்க ஊறவிட்டாத்தான் கரையும். அவசரப்பட்டு அரை மணி நேரத்துல பார்த்தா ஒரே கட்டியா இருக்கும், ஒண்ணும் இல்லைன்னு எழுதிருவோம். சரி, கரைஞ்சு தெளிவா தெரிஞ்சாலும் நூலா தெரியுறதெல்லாம் பூஞ்சையா? ஒரு தடவை எனக்கு அழகா நீளமா கிளை விட்டு ஒண்ணு தெரிஞ்சுச்சு, பாசிட்டிவ்னு எழுதப் போறேன், மேடம் பார்த்துட்டு "இது நீ கட்டியிருக்க கண்டாங்கி நூலும்மா"ன்னாங்க. பருத்தி இழை. சேலைத் தலைப்பு ஸ்லைடுல பட்டிருக்கு. இன்னொண்ணு இருக்கு, தோல் செல்லைச் சுத்தி கொழுப்புப் படிஞ்சு வலை மாதிரி தெரியும், அதுக்குப் பேரே மொசைக் ஃபங்கஸ், பேருலதான் ஃபங்கஸ், நிஜத்துல ஒண்ணும் கிடையாது. பூஞ்சை நூல் செல்லைத் தாண்டி ஊடுருவிப் போகும், இது செல் ஓரத்தையே சுத்திக்கிட்டு நிக்கும். இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபட எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

இப்ப 2021. மே, ஜூன். அப்ப இங்க இருந்த எல்லாருக்கும் தெரியும் எப்படி இருந்துச்சுன்னு. கொரோனா வந்து ஸ்டீராய்டு ஏறி, சுகர் 400, 500ன்னு நின்னு, வீட்டுக்குப் போன ஆளு பத்து நாள்ல கன்னம் வீங்கி, மேலண்ணம் கருத்து திரும்பி வருவாரு. தமிழ்நாட்டுல அந்த மே மாசம்தான் இதை அரசாங்கத்துக்குக் கட்டாயமா தெரிவிக்கணும்னு அறிவிச்சாங்க. கருப்புப் பூஞ்சைன்னு பேர் வச்சது யாரோ, அந்தப் பூஞ்சை கருப்பே கிடையாது. அது ரத்தக்குழாய்க்குள்ள புகுந்து அடைச்சுரும், ரத்தம் போகாத சதை செத்துக் கருகிரும், அந்தக் கருப்பைப் பார்த்து வச்ச பேரு.

ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணி இருக்கும், தேவகோட்டைப் பக்கத்து ஆளு ஒருத்தரோட மூக்குச் சதை வந்துச்சு, சலைன்ல, சரியா. கொஞ்சூண்டு எடுத்து கேஓஹெச் போட்டேன். நல்லா அகலமா, ரிப்பன் மடிஞ்சு கிடக்கிற மாதிரி, நடுவுல தடுப்பே இல்லாம, கிளை பிரியுற இடம் செங்குத்தா. கருப்புப் பூஞ்சையேதான். ஆஸ்பர்ஜில்லஸ்ங்கிற வேற பூஞ்சைன்னா ஒல்லியா இருக்கும், மூங்கில் கணு மாதிரி இடையில இடையில தடுப்பு இருக்கும், கிளை 45 டிகிரியில வி மாதிரி பிரியும். ரெண்டுக்கும் மருந்து வேற. வோரிகோனசோல் ஆஸ்பர்ஜில்லஸுக்குக் கேக்கும், இதுக்குக் கேக்காது, இதுக்கு ஆம்போடெரிசின் ஊசிதான். நாப்பது நிமிஷத்துல டாக்டருக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன், அந்த வரைக்கும் நான் பண்ணது சரி.

மிச்ச சதையை என்ன பண்ணேன்னா, வழக்கம்போல கல்லுல போட்டு நைஸா அரைச்சு மீடியாவுல தடவுனேன். டிபி சாம்பிளா இருந்தா அப்படித்தான் பண்ணுவோம், கை தானா பண்ணிருச்சு. மூணு நாள், அஞ்சு நாள், பத்து நாள் ஒண்ணுமே வளரல. இந்தப் பூஞ்சை வளர்ந்தா ரெண்டு மூணு நாள்ல பஞ்சு மாதிரி பொங்கி பிளேட் மூடியையே தூக்கும், அவ்வளவு வேகம். மேடத்துக்குப் போன் பண்ணேன். "அரைச்சியா?"ன்னாங்க. ஆமான்னேன். "அம்மியில அரைச்சா எப்படிம்மா வளரும், கத்தரிக்கா மாதிரி நறுக்கி வைக்கணும்"னாங்க. இந்தப் பூஞ்சை தடுப்பு இல்லாத குழாய், ஒரு இடம் உடைஞ்சா மொத்தமும் வெளிய வழிஞ்சு செத்துப்போயிரும். கணு இருக்கிற பூஞ்சைன்னா ஒரு அறை உடைஞ்சாலும் அடுத்த அறை பிழைச்சுக்கும். புஸ்தகத்துல படிச்சிருக்கேன், பரீட்சையில எழுதியும் இருக்கேன், அந்த ராத்திரி ஞாபகம் வரல.

அதோட போயிருந்தா பரவாயில்ல. கல்ச்சர் ரிப்போர்ட் தனித்தாளா போச்சுல்ல, "வளர்ச்சி இல்லை"ன்னு. அவரோட மகன் அதை எடுத்துட்டு வந்து, "அக்கா, நெகட்டிவ்னு வந்திருச்சே, அந்த ஊசியை நிறுத்திரலாமா"ன்னு கேக்குறாரு. அந்த ஊசி அப்ப கிடைக்கவே கிடைக்காது, ஊர் ஊரா அலைஞ்சு வாங்கிட்டு வந்த பையன் அவரு, கேக்கத்தான செய்வாரு. கடவுள் புண்ணியம், டாக்டர் கேஓஹெச்சைத்தான் நம்புனாரு, நிறுத்தல. இந்த நோய்ல ஒழுங்கா பண்ணாலே பாதிக்குப் பாதி கல்ச்சர்ல வளராது, நான் வேற அரைச்சுத் தொலைச்சேன். ரத்தத்துல பார்க்கிற பீட்டா-டி-குளுக்கன் டெஸ்ட் இருக்கு, நிறைய பூஞ்சைக்குப் பாசிட்டிவ் காட்டும், ஆனா இந்தக் குடும்பத்துக்குக் காட்டாது, அதையும் நம்பி உக்காந்துர முடியாது. அன்னில இருந்து நான் ரெண்டு ரிப்போர்ட்டையும் ஒரே தாள்ல அடிக்கிறேன், கல்ச்சர் வளராததால பூஞ்சை இல்லைன்னு ஆகாதுன்னு கீழ ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு எங்க ஆபீஸ்ல ஒருத்தர் "இதெல்லாம் எதுக்கு, பேஷண்ட் குழம்புவாங்க"ன்னு சண்டைக்கு வந்தாரு. குழம்பட்டும்.

புதுவயல் பக்கம் போனா ரோட்டு ரெண்டு பக்கமும் அரிசி மில்லு. அங்க இருந்து எங்களுக்கு வர்றது கண்ணு. உமி தெறிச்சு கருவிழியில கீறல் விழும், ரெண்டு நாள் விளக்கெண்ணெய் விடுவாங்க, சிலர் தாய்ப்பால், அப்புறம் மெடிக்கல் ஷாப்புல சொட்டு மருந்து, அதுல பாதிக்கு ஸ்டீராய்டு இருக்கும், பூஞ்சைக்கு அது விருந்து. கண்ணு வெள்ளையா பூத்த பிறகு டாக்டர்கிட்ட வருவாங்க. மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில 1994ல மூணு மாசம் கருவிழிப் புண்ணோட வந்த 434 பேரை ஆராய்ஞ்சிருக்காங்க, கல்ச்சர்ல கிருமி வளர்ந்தது 297 பேருக்கு, அதுல 139 பேருக்குப் பூஞ்சை மட்டும். கிட்டத்தட்ட பாதி! அதுல முதலிடம் ஃபியூசேரியம், வயல்லயும் செடியிலயும் வாழுற பூஞ்சை. நம்ம பக்கம் வயக்காட்டு ஊரு, கண்ணுல புண்ணுன்னா பூஞ்சையை முதல்லயே நினைக்கணும்ங்கிறதுக்கு இதுக்கு மேல சாட்சி வேணாம்.

ஆனா கருவிழியில இருந்து எவ்வளவு சுரண்ட முடியும்? கடுகுல கால்வாசி. அதை வச்சு கேஓஹெச் ஒரு ஸ்லைடு, கிராம் ஸ்டெயின்னு சாயம் போட்டு ஒரு ஸ்லைடு, பிளேட் ஒண்ணு ரெண்டு. எதுக்கு முதல்ல கொடுக்கிறதுன்னு டாக்டரும் நாமும் முன்னாடியே பேசி வச்சிருக்கணும். பிளேட்ல தடவுறப்ப ஆங்கில சி எழுத்து மாதிரி வரிசையா கோடு போட்டு வைப்போம். இது ஏன்னா, காத்துல இருந்து விழுற பூஞ்சை எங்க வேணா முளைக்கும், கண்ணுல இருந்து வந்தது அந்த சி கோட்டு மேலதான் முளைக்கும். யாரு கண்டுபிடிச்சாங்களோ, கையெடுத்துக் கும்பிடலாம். மருந்து விஷயத்துலயும் ஒரு ஆச்சரியம், புது மருந்து வோரிகோனசோலை விட பழைய நேட்டமைசின் சொட்டு மருந்துதான் நல்லா கேக்குதுன்னு நம்ம தென்னிந்திய நோயாளிகளை வச்சுப் பண்ண பெரிய ஆராய்ச்சியில 2013ல தெரிஞ்சது, அதுவும் ஃபியூசேரியத்துக்கு. அப்ப எந்தப் பூஞ்சைன்னு பேரு சொல்ல லேப் வேணும்ல!

காத்துன்னதும் ஞாபகம் வருது. ஒரு வருஷம் ஆயுத பூஜைக்கு லேபை அலசிக் கழுவுனோம், பரண்ல இருந்து பழைய ரிஜிஸ்டர் எல்லாத்தையும் இறக்கி, தட்டி, ஃபேனைத் துடைச்சு, மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வச்சு, பொரிகடலை சாப்பிட்டோம். அந்த வாரம் போட்ட அத்தனை பிளேட்லயும் பச்சையும் கருப்பும் மஞ்சளுமா பூத்து நிக்குது. ஒட்டடையில இருந்த ஸ்போர், அதான் பூஞ்சை விதை, எல்லாம் எங்க பிளேட்லதான் குடியேறியிருக்கு. ஐப்பசி மழை ஆரம்பிச்சா சுவரு ஈரம் ஏறி இதே கதைதான். இதுல கஷ்டம் என்னன்னா, காத்துல பறக்கிற அதே ஆஸ்பர்ஜில்லஸ்தான் நோயாளி நுரையீரலைத் தின்னுட்டு இருக்கிறதும். சளியில வளர்ந்தா அது சும்மா வந்ததா, நோயா? பாக்டீரியா ஆளுங்களுக்கு இந்தத் தலைவலி இவ்வளவு இல்ல. நாங்க என்ன பார்ப்போம்னா, கேஓஹெச்லயும் தெரிஞ்சுச்சா, ரெண்டாவது சாம்பிள்லயும் அதே வளர்ந்துச்சா, ஆளுக்கு சுகர், கேன்சர் மருந்து, ஸ்டீராய்டு ஏதாவது இருக்கா. கடைசிக் கேள்விக்குப் பதில் சீட்டுல இருக்கணும். நோய் விவரம்னு ஒரு கட்டம் இருக்கும் பாருங்க, எங்களுக்கு வர்ற சீட்டுல பத்துக்கு எட்டுல அது காலி, இல்லைன்னா "காய்ச்சல்"னு ஒரு வார்த்தை. கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை பேரை விட்டுட்டு அனுப்புற மாதிரி இருக்கு.

ஊரணிக் கதை ஒண்ணு சொல்லணும். செட்டிநாட்டுல ஊருக்கு ஊரு ஊரணி, கண்மாய். குடிக்க ஒண்ணு, குளிக்க ஒண்ணு, மாடு இறங்க ஒண்ணுன்னு. ஒரு பையன், பத்தாவது படிக்கிறவன், மூக்குல அடிக்கடி ரத்தம். மூக்குக்குள்ள செக்கச்செவேல்னு முந்திரிக்கொத்து மாதிரி சதை, மேல வெள்ளை வெள்ளையா புள்ளி. பஞ்சுக் குச்சியில தடவி ஃபங்கல் கல்ச்சர்னு அனுப்பிட்டாங்க, புதுசா வந்த டாக்டர், வடக்க படிச்சவரு. நான் பார்த்த உடனே போன் பண்ணேன், "சார், பையன் கண்மாயில குளிப்பானா"ன்னு. அவரு "அதுக்கும் இதுக்கும் என்ன"ன்னாரு. இது ரைனோஸ்போரிடியம். தென் தமிழ்நாட்டுலயும் இலங்கையிலயும் ஜாஸ்தி, தேங்கின தண்ணியில குளிக்கிறவங்களுக்கு மூக்குலயும் கண்ணுலயும் வரும். இதைக் கல்ச்சர்ல வளர்க்கவே முடியாது. 1900லயே அர்ஜென்டினாவுல விவரிச்சுட்டாங்க, இன்னிவரைக்கும் சாதாரண மீடியாவுல எதுலயும் இது முளைச்சதில்ல. நான் நாலு வாரம் இல்ல நாலு வருஷம் வச்சிருந்தாலும் "வளர்ச்சி இல்லை"தான். அந்தச் சதையை எடுத்து ஃபார்மலின்ல போட்டு (இதுக்கு ஃபார்மலின்தான் சரி, இப்ப குழம்புதா உங்களுக்கு?) வெட்டிப் பார்த்தா பெரிய பெரிய பை, உள்ள ஆயிரக்கணக்குல ஸ்போர், ஒரு பார்வையில சொல்லிரலாம். வேடிக்கை என்னன்னா இது பூஞ்சையே கிடையாதாம், மீனுக்கு நோய் கொடுக்கிற ஒரு ஒட்டுண்ணிக் கூட்டத்தைச் சேர்ந்ததுன்னு 1999ல மரபணுவைப் பார்த்துச் சொல்லிட்டாங்க. ஆனாலும் நாங்க படிக்கிற புஸ்தகத்துல பூஞ்சைப் பாடத்துலதான் இருக்கு. பையனுக்கு ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சு, திரும்ப வரலாம்னு சொல்லியிருக்காங்க, அவன் இன்னும் கண்மாயிலதான் குளிக்கிறான்னு அவங்க அப்பத்தா சொல்லுச்சு.

இதே மாதிரிதான் மதுரைக் கால். நம்ம மதுரை பேருல உலகம் பூரா ஒரு நோய் இருக்கு, 1842ல ஜான் கில்னு ஒரு டாக்டர் மதுரையில பார்த்து எழுதுனாரு. வெறுங்காலோட நடந்து கருவேல முள்ளு ஏறி, வருஷக்கணக்குல கால் வீங்கி, ஓட்டை ஓட்டையா சீழ் வடியும், அதுல ரவை மாதிரி குருணை வரும். கருப்புக் குருணைன்னா பூஞ்சை. வெள்ளை, மஞ்சள்னா ரெண்டுல எதுவா வேணா இருக்கும், பூஞ்சையா இருக்கலாம், நூல் மாதிரி வளர்ற பாக்டீரியாவா இருக்கலாம். வெளிய பார்க்க ரெண்டு காலும் ஒண்ணுதான், மருந்து மட்டும் முழுசா வேற. குருணையை நசுக்கி மைக்ரோஸ்கோப்புல பார்த்தா நூல் தடிமன் காட்டிக்கொடுத்துரும். அந்தக் குருணையை நர்ஸ் கட்டுப் பிரிக்கையில பஞ்சோட தூக்கிக் குப்பையில போடாம இருந்தாத்தான்.

ஐசியூ நோயாளிங்க ரத்தத்துல ஏறுற கேண்டிடாங்கிற பூஞ்சை பத்தி ஒரு வார்த்தை. ரத்தத்துல கேண்டிடா இருந்தாலும் பிளட் கல்ச்சர்ல ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் வளரும். வளர்ந்தாலும் எந்தக் கேண்டிடான்னு சொல்றதுல மெஷினும் ஏமாறும். 2009ல ஜப்பான்ல ஒரு பாட்டி காதுல இருந்து எடுத்து கேண்டிடா ஆரிஸ்னு பேர் வச்சாங்க, ஆரிஸ்னா லத்தீன்ல காது. கிருமிக்குப் பேர் சொல்ற வைடெக் மெஷினோட பழைய பதிப்பு இதை கேண்டிடா ஹெமுலோனின்னு வேற பேர்ல காட்டும், அப்படியே அடிச்சுக் கொடுத்த லேப் ஏராளம். ஃப்ளூகோனசோல் மருந்து இதுக்குப் பெரும்பாலும் கேக்காது, கட்டில்ல, கைப்பிடியில ஒட்டிக்கிட்டு அடுத்த ஆளுக்குப் போகும். 2022ல உலக சுகாதார நிறுவனம் 19 பூஞ்சைகளைப் பட்டியல் போட்டப்ப முதல் வரிசை நாலுல இதுவும் ஒண்ணு. எங்க லேப்ல ஹெமுலோனின்னு வந்தா நாங்க வாயைத் திறக்காம மால்டி-டாஃப்னு கிருமியோட புரதத்தைப் பார்த்துப் பேர் சொல்ற மெஷின் இருக்கிற பெரிய லேபுக்கு அனுப்பிருவோம்.

ஆனா எண்ணிக்கையில பார்த்தா இதெல்லாம் கொஞ்சம். தினம் வர்றது படர்தாமரைதான். இப்ப வர்ற படர்தாமரை நான் வேலைக்கு வந்தப்ப பார்த்தது இல்ல. குடும்பத்தோட வர்றாங்க, அத்தை, மருமக, புள்ளைங்க, ஒரே துண்டு, ஒரே சோப்பு. எல்லார் கையிலயும் ஒரே டியூப், மெடிக்கல் ஷாப்புல "அரிப்புக்கு ஏதாவது கொடுங்கண்ணே"ன்னு வாங்குனது, பூஞ்சை மருந்து, ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக் மூணும் கலந்தது. போட்ட மறுநாள் அரிப்பு நிக்கும், சிவப்பு அடங்கும், உள்ள பூஞ்சை நல்லா பரவும். வட்டம் வட்டமா ஓரம் தடிச்சு இருக்க வேண்டியது உருவமே மாறிப்போயிரும், தோல் டாக்டரே குழம்புவாரு. இப்படி ஸ்டீராய்டு கலந்த களிம்புல நிறைய சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு 2018லயே உத்தரவு வந்துச்சு, எங்க தெருக்கோடி கடைக்கு அது இன்னும் வந்து சேரல போல. இதுல டிரைகோஃபைட்டன் இண்டோடினியேன்னு ஒண்ணு, இந்தியாவோட பேரையே வாங்கிட்டு 2020ல வந்திருக்கு. டெர்பினாஃபின் மாத்திரைக்கு நிறைய கேஸ்ல மசியாது. கல்ச்சர்ல பார்த்தா பழைய மென்டாக்ரோஃபைட்டிஸ்ங்கிற பங்காளி மாதிரியேதான் இருக்கும், மரபணு பார்த்தாத்தான் பேரு சொல்ல முடியும். அதுக்கு நான் எங்க போறது.

சரி, செட்டியார். மூணாவது வாரம் திங்கக்கிழமை வந்தாரு, ஆச்சி முன்னாடி, அவரு பின்னாடி, முகத்தை உம்முனு வச்சுக்கிட்டு. ரெண்டு பெருவிரலும் சொத்தை, கறுப்பும் மஞ்சளுமா. அடியில சுரண்டி எடுத்தேன். ராத்திரி ஊறப்போட்டு காலையில பார்த்தா கேஓஹெச்ல நூல் நூலா இருக்கு, கண்டாங்கி இல்ல, அன்னிக்கு நான் யூனிஃபார்ம்தான். ரெண்டு டியூப்ல போட்டேன். ஒண்ணு ஆக்டிடியோன் கலந்தது, ஆக்டிடியோன்னா காத்துப் பூஞ்சைகளை அடக்கி படர்தாமரை ஜாதியை மட்டும் வளரவிடுற மருந்து, இன்னொண்ணு அது இல்லாம. நிறைய இடத்துல செலவை மிச்சம் பிடிக்க முதல் டியூப் மட்டும்தான் போடுவாங்க.

ஆச்சி தினம் போன். "ஏத்தா, வளந்துச்சா?" நாலு வாரம் ஆகும் ஆச்சின்னேன். "நாலு வாரமா? எங்க வீட்டு மாங்கா ஊறுகாய்ல ஈரக் கரண்டி பட்டா மூணு நாள்ல பூசணம் பூத்துருது, நீ என்னத்தை வளக்குற?"

நாலாம் நாள் காலையில ஆக்டிடியோன் இல்லாத டியூப் பூரா கருஞ்சாம்பல் நிறத்துல கம்பளி அடைச்ச மாதிரி நிறைஞ்சு நிக்குது. மத்த டியூப் இன்னிவரைக்கும் காலி. பழைய நானா இருந்தா காத்துல விழுந்ததுன்னு கழுவியிருப்பேன். மேடம் பார்த்துட்டு நியோசைடலிடியமா இருக்கும்னாங்க, மாமரம் மாதிரி மரங்களுக்கு நோய் கொடுக்கிற பூஞ்சை, மனுஷன் நகத்துலயும் ஏறும், ஆக்டிடியோன் பட்டா வளராது, நகச்சொத்தைக்குக் கொடுக்கிற வழக்கமான மாத்திரை எதுக்கும் லேசுல அசையாது. செட்டியாருக்குத் தோட்டம் இருக்கா, செருப்பு போடுவாரான்னு கேக்கச் சொன்னாங்க. ஆச்சியைக் கேட்டா, "முப்பது மாங்கன்னு வச்சிருக்காரு, காலையில வெறுங்காலோட தண்ணி விட்டாத்தான் அவருக்குப் பொழுதே விடியும்"ங்கிறாங்க. உறுதியா சொல்லணும்னா இன்னொரு தடவை நகம் எடுத்து, அதுலயும் இதே வளரணும். அதையும் போன்ல சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அன்னிக்கு நான் கொண்டாந்த பொட்டலம் பத்திரமா பூஜை ரூம்ல இருக்கு, அது ஆகாதா?"ன்னாங்க.

ஆகாது ஆச்சி, ஐயாவைக் கூட்டிட்டு வாங்கன்னேன். திங்கக்கிழமை சந்தைக்கு வர்றப்ப இழுத்துட்டு வர்றதா சொல்லியிருக்காங்க.